கரையைக் கடந்த பின்: புயலும் மதுரைச் சமவெளியும்

வங்கக் கடலில் காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் ஒன்று வலுப்பெறத் தொடங்கினால், மதுரையில் முதலில் அடிபடும் ஊர்ப்பெயர் பாம்பன். அங்கே எத்தனையாம் எண் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றியிருக்கிறார்கள் என்பதுதான் செய்தி. ஒன்று முதல் பதினொன்று வரையிலான அந்தக் கூண்டுகள் கப்பல்களுக்காகவும் படகுகளுக்காகவும் ஏற்பட்டவை. நூறு கிலோமீட்டர் உள்ளே இருக்கும் மதுரைக்குக் கூண்டு கிடையாது, தேவையும் இல்லை. சிக்கல் வேறொன்று. கூண்டில் தொடங்கும் புயல் செய்தி 'கரையைக் கடந்தது' என்ற வரியோடு முடிந்துவிடுகிறது. மறுநாள் சேதக் கணக்கும் அமைச்சர்களின் பயணமும் வரும். கரை கடந்த அந்த மழைச் சுழல் அதன்பின் எங்கே போனது, எந்த மலையில் மோதியது, எந்த ஆற்றில் இறங்கியது என்பதைத் தொடர்ந்து எழுதுபவர்கள் மிகக் குறைவு.

இக்கட்டுரை ஆராய்வது அந்த விடுபட்ட பகுதியை. மதுரை நகரும் அதைச் சுற்றிய சமவெளியும் புயலுக்கு வெளியே இருக்கின்றனவா? இல்லை என்றால், புயல் அவற்றுக்கு எந்த உருவில் வந்து சேர்கிறது?

நிலவும் இரு நம்பிக்கைகள்

மதுரை வட்டாரத்தில் புயலைப் பற்றி இரண்டு எண்ணங்கள் ஒருசேரப் புழங்குகின்றன. 'மதுரைக்குப் புயல் வராது' என்பது ஒன்று. 'புயல் வந்தால்தான் கண்மாய் நிறையும்' என்பது மற்றொன்று. ஒரே டீக்கடையில், சில சமயம் ஒரே ஆள் வாயிலிருந்தே இரண்டையும் கேட்கலாம்.

முதல் எண்ணத்துக்கு நிலவியல் ஆதாரம் உண்டு. மேற்கே மலைத்தொடர் தென்மேற்குப் பருவக்காற்றின் பெரும்பகுதியைத் தடுத்துவிடுகிறது. கிழக்கே இலங்கைத் தீவு நிற்கிறது. மன்னார் வளைகுடாவையும் பாக் நீரிணையையும் நோக்கி வரும் புயல்களில் பல இலங்கையின் நிலத்தைத் தொட்டு வலுவிழந்த பிறகே இந்தப் பக்கம் வருகின்றன. அதனால் ஆந்திரக் கரையோ ஒடிசாக் கரையோ காணும் அளவுக்குக் கடும் புயல்கள் தென் மாவட்டங்களுக்கு வருவதில்லை. புள்ளிவிவரப்படி இது சரி. பழைய கதைகள் மட்டும் வேறு மாதிரி நினைத்தன. திருவிளையாடற் புராணத்தில் வருணன் ஏவிய கடல் மதுரையை விழுங்க வருகிறது. அது வற்றியதும் மேகங்களை ஏவுகிறான். பிறிதொரு படலத்தில் வைகை உடைப்பெடுத்து, இறைவனே மண் சுமக்க வேண்டியிருக்கிறது. கடல், மேகம், ஆறு என்ற இந்த வரிசையைப் புராணம் சொன்னது என்பதற்காக நாம் வானிலை அறிவாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. ஆனால் கடலுக்கும் தன் ஊருக்கும் தொடர்பே இல்லை என்று பழைய மதுரை நினைக்கவில்லை என்பதற்கு அது சான்று.

இரண்டாவது எண்ணத்துக்கும் ஆதாரம் உண்டு. மதுரையின் ஆண்டு மழை சராசரியாக 850 மில்லிமீட்டர் அளவில் இருக்கிறது. அதில் வேறெந்தப் பருவத்தையும் விட அதிகமாகத் தருவது அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவம். அந்தப் பருவத்தின் மழை நாள்தோறும் சீராகப் பெய்வதல்ல. வங்கக் கடலில் உருவாகும் தாழ்வு நிலைகளைத் தொற்றிக்கொண்டு சில நாட்களில் கொட்டித் தீர்ப்பது. எனவே விவசாயி கடலைப் பார்த்துக் காத்திருப்பதில் வியப்பில்லை. அவர் சொல்லாமல் விடுவது ஒன்று உண்டு: வட தமிழகத்தையோ ஆந்திரத்தையோ நோக்கிப் போகும் புயல், தெற்கில் இருக்கும் ஈரத்தையும் தன்பக்கம் இழுத்துக்கொண்டு போய்விடும். அப்போது மதுரையில் வறண்ட காற்றுதான் வீசும்.

இரண்டு நம்பிக்கைகளும் பாதி உண்மை. இரண்டும் புயலைக் கடற்கரையில் நிகழும் ஒரு காற்றாகவே கற்பனை செய்கின்றன. அந்தக் கற்பனை எங்கிருந்து வந்தது என்று பார்க்க வேண்டும்.

காற்றால் அளக்கும் முறை

இந்திய வானிலை ஆய்வு மையம் புயல்களைத் தரம் பிரிப்பது காற்றின் வேகத்தை வைத்து. மணிக்கு 31 முதல் 50 கிலோமீட்டர் வரை என்றால் காற்றழுத்தத் தாழ்வு மண்டலம். 62 வரை ஆழ்ந்த காற்றழுத்தத் தாழ்வு மண்டலம். அதற்கு மேல் 88 வரை புயல். 117 வரை தீவிரப் புயல். அதற்கும் மேலே அதிதீவிரம். பெயர் சூட்டப்படுவது புயல் என்ற நிலையை எட்டியபின்தான். இந்த அளவுகோலில் மழைக்கு இடம் கிடையாது. கடலில் இருக்கும் மீனவருக்கும் கரையில் இருக்கும் குடிசைக்கும் இது பொருத்தமான அளவுகோல்தான். அவர்களைக் கொல்வது காற்றும் அது தள்ளிவரும் கடல்நீரும்.

உள்நாட்டுக்கு இது போதாது என்பதற்கு 2023 டிசம்பர் 17, 18 தேதிகளைவிட நல்ல சான்று கிடைக்காது. குமரிக்கடல் பகுதியில் நிலவியது ஒரு மேலடுக்குச் சுழற்சி மட்டுமே. புயல் இல்லை, பெயர் இல்லை, கூண்டைப் பற்றிய பரபரப்பும் இல்லை. காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் ஏறக்குறைய 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. மதுரைக்கு ஓராண்டில் கிடைப்பதைவிட அதிகம், ஒரே நாளில். தாமிரபரணி கரை புரண்டது, குளங்கள் வரிசையாக உடைந்தன, திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் நூற்றுக்கணக்கான பயணிகளோடு சிக்கிக்கொண்டது. காற்றின் அளவுகோலில் இந்த நிகழ்வுக்குத் தரமே இல்லை.

இதைச் சொல்வது வானிலை மையத்தின் மீது பழி போடுவதற்காக அல்ல. கனமழைக்குத் தனியாக மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என எச்சரிக்கைகளை அவர்கள் வெளியிடத்தான் செய்கிறார்கள். ஆனால் மக்கள் மனதிலும் செய்தி அறைகளிலும் 'புயல்' என்ற சொல்லுக்கு இருக்கும் கனம் 'மிகக் கனமழை' என்ற சொல்லுக்கு இல்லை. பெயர் வைக்கப்பட்டதற்கு அஞ்சுகிறோம். பெயரில்லாததை மழை என்று விட்டுவிடுகிறோம்.

1964: கலெக்டர் மதுரையில் இருந்த கடற்கரை

தென் தமிழகத்தின் புயல் நினைவு முழுவதையும் ஒரே இரவு பிடித்துக்கொண்டிருக்கிறது. 1964 டிசம்பர் 17 அளவில் அந்தமான் அருகே உருவான தாழ்வு மண்டலம் வலுத்து, 22ஆம் தேதி இலங்கையின் வடபகுதியைக் கடந்து, அன்றிரவு தனுஷ்கோடியை அழித்தது. பாம்பனிலிருந்து புறப்பட்ட பயணிகள் ரயில் தனுஷ்கோடியை நெருங்குகையில் கடலில் மூழ்கியது. அதில் இருந்த நூற்றுக்கும் மேற்பட்டோரில் யாரும் பிழைக்கவில்லை. பாம்பன் பாலம் சிதைந்தது, இ. ஸ்ரீதரன் தலைமையிலான குழு அதை 46 நாட்களில் மீட்டது. தனுஷ்கோடி வாழத் தகுதியற்ற ஊர் என்று அரசு அறிவித்தது. இவ்வளவும் அனைவரும் அறிந்தவை. ஜெமினி கணேசனும் சாவித்திரியும் அப்போது இராமேஸ்வரத்தில் இருந்தார்கள் என்பது வரை பலமுறை எழுதப்பட்டாயிற்று.

அவ்வளவாக எழுதப்படாத ஒரு நிர்வாக உண்மை உண்டு. 1910இல் மதுரை, திருநெல்வேலி மாவட்டங்களின் பகுதிகளைச் சேர்த்து அமைக்கப்பட்ட இராமநாதபுரம் மாவட்டத்தின் தலைமையிடம் நெடுங்காலம் மதுரையில்தான் இருந்தது. 1985இல் அந்த மாவட்டம் மூன்றாகப் பிரியும்வரை, தனுஷ்கோடிக்கும் பாம்பனுக்கும் தொண்டிக்கும் பொறுப்பான கலெக்டரின் அலுவலகம் வைகைக் கரையில் இயங்கியது. பேரழிவு நடந்த கடற்கரையிலிருந்து அதன் ஆட்சித் தலைமை நூற்றைம்பது கிலோமீட்டருக்கும் அப்பால். தந்தியும் தண்டவாளமும் அறுந்த இரவில் அந்தத் தொலைவுக்கு என்ன பொருள் என்பதை விளக்க வேண்டியதில்லை.

எனினும் அந்தப் பழைய ஏற்பாட்டைத் தூரத்தின் குறையாக மட்டும் பார்ப்பது முழுமையாகாது. மதுரையும் இராமநாதபுரம் கரையும் ஒரே நீரமைப்பின் இரு முனைகள். வருசநாட்டு மலையில் பிறந்து 258 கிலோமீட்டர் ஓடும் வைகை, மதுரையைக் கடந்து, பார்த்திபனூர் மதகணையில் பிரிந்து, இராமநாதபுரம் பெரிய கண்மாயில் தங்கி, மிச்சம் ஆற்றங்கரை என்னும் ஊரருகே கடலில் சேர்கிறது. 1985இன் பிரிவினை நிர்வாகத்துக்கு வசதி. கடற்கரை தன் கலெக்டரை அருகில் பெற்றது. ஆனால் ஆற்றின் மேற்பகுதியும் கடைமடையும் வெவ்வேறு கோப்புகளுக்குள் போயின. புயல் விஷயத்தில் இது எப்படி விளைகிறது என்பதைப் பின்னால் பார்ப்போம்.

கஜாவும் புரெவியும்

2018 நவம்பர் 16ஆம் தேதி அதிகாலையில் கஜா வேதாரண்யம் அருகே கரையேறியது. அதிராம்பட்டினத்தில் மணிக்கு 165 கிலோமீட்டர் வேகத்தில் பலத்த காற்று பதிவானது. எண்பதாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் முன்கூட்டியே முகாம்களுக்குக் கொண்டுசெல்லப்பட்டிருந்ததால் கரையோரத்தில் உயிரிழப்பு பெரிய அளவில் தவிர்க்கப்பட்டது. அரசு அந்தப் பாராட்டுக்கு உரியது. ஆனால் கஜா வேதாரண்யத்தோடு நிற்கவில்லை. பட்டுக்கோட்டை, பேராவூரணித் தென்னந்தோப்புகளைச் சாய்த்தது. புதுக்கோட்டை மாவட்டத்தின் பலாவையும் முந்திரியையும் அழித்தது. மேற்கே நகர்ந்து அன்று முற்பகலில் திண்டுக்கல் பகுதியில் ஆழ்ந்த தாழ்வு மண்டலமாக வலுக்குறைந்தது. கொடைக்கானல் மலையில் மரங்களைச் சாய்த்துச் சாலையையும் மின்சாரத்தையும் நிறுத்தியது. பிறகு கேரளத்தைக் கடந்து அரபிக் கடலுக்குள் இறங்கியது. வேதாரண்யத்துக்கும் திண்டுக்கல்லுக்கும் இடையே இருநூறு கிலோமீட்டர். முகாம்கள் பெரும்பாலும் முதல் சில பத்துக் கிலோமீட்டருக்குள் இருந்தன.

புதுக்கோட்டையின் சிற்றூர்களிலும் பட்டுக்கோட்டையின் உட்பகுதிகளிலும் நிவாரணம் தாமதமானபோது எழுந்த கோபம் வெறும் அரசியல் கோபமல்ல. தங்கள் ஊர் புயலின் வரைபடத்தில் இருக்கிறது என்று அவர்களிடம் யாரும் முன்னதாகச் சொல்லவில்லை. கடற்கரை மக்களுக்குப் புயல் என்றால் என்ன செய்யவேண்டும் என்று தலைமுறை வழியாகத் தெரியும். தென்னந்தோப்புக்காரருக்கு அந்தப் பாடம் அதுவரை இல்லை.

இரண்டாண்டுகள் கழித்து வந்த புரெவி இதற்கு நேர்மாறாக நடந்துகொண்டது. 2020 டிசம்பர் 2ஆம் தேதி இரவு திருகோணமலைக்கு வடக்கே இலங்கையைத் தொட்டு, மறுநாள் மன்னார் வளைகுடாவுக்குள் வந்தது. பாம்பனுக்கும் கன்னியாகுமரிக்கும் இடையே கரை கடக்கும் என்று எதிர்பார்த்து, இராமநாதபுரம், விருதுநகர் உள்ளிட்ட ஆறு தென் மாவட்டங்களுக்கு 4ஆம் தேதி விடுமுறை அறிவிக்கப்பட்டது. மதுரையின் அச்சத்தில் எதிர்பார்ப்பும் கலந்திருந்தது; கண்மாய்கள் நிறைய வேண்டும் அல்லவா. புரெவியோ இராமநாதபுரம் கரைக்கு அருகிலேயே நகராமல் நின்று, கடலிலேயே வலுவிழந்து மறைந்தது. பெருமழை பெய்தது அது நின்ற இடத்தில் அல்ல. வடக்கே பல மைல் தள்ளி, கொள்ளிடத்திலும் சிதம்பரத்திலும். அங்கே முப்பது சென்டிமீட்டருக்கும் மேல் பதிவானது.

இந்த இரண்டையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால், புயலின் மையம் எங்கே என்ற கேள்வி உள்நாட்டவருக்கு எவ்வளவு பயனற்றது என்பது தெரியும். கஜாவின் மையம் கரையைக் கடந்த பிறகும் அழித்தது. புரெவியின் மையம் அருகில் வந்தும் எதிர்பார்த்த மழையைத் தரவில்லை. தொலைக்காட்சிகள் இரவு முழுவதும் காட்டும் அந்தச் சுழலும் சிவப்புப் புள்ளியும் படகுக்காரருக்குப் பயன்படும். வாடிப்பட்டியில் வாழை வைத்திருப்பவர் தெரிந்துகொள்ள வேண்டியது காற்று எத்தனை மணிக்கு வரும், எந்த மலையில் எவ்வளவு மழை விழும் என்பதை.

ஆற்றின் வழியே வரும் புயல்

தரையேறிய சுழல், கடலின் வெப்ப ஈரம் அறுபட்டதும் காற்றை விரைவில் இழக்கிறது. மழை அவ்வளவு விரைவில் நிற்பதில்லை. எஞ்சிய ஈரக்காற்று மேற்குமலையில் மோதி மேலெழும்போது அங்கே மழை கூடவும் செய்யும். மதுரையைப் பொறுத்தவரை கவனிக்கவேண்டிய இடம் கிழக்கு வானம் மட்டுமல்ல. மேகமலையும் வருசநாடும் கொடைக்கானல் சரிவும்தான். அங்கே விழுவது வைகை அணைக்கு வரும்.

1959இல் திறக்கப்பட்ட வைகை அணையின் முழு நீர்மட்டம் 71 அடி. நீர்மட்டம் 66 அடியைத் தொட்டால் முதல் வெள்ள எச்சரிக்கை, 68.5 அடியில் இரண்டாவது, 69 அடியில் மூன்றாவது. அதன்பின் வரும் நீரை அப்படியே ஆற்றில் விடுவார்கள். தேனி, திண்டுக்கல், மதுரை, சிவகங்கை, இராமநாதபுரம் ஆகிய ஐந்து மாவட்டங்களுக்கும் அறிவிப்பு போகும். மதுரைக்காரர் இதை யானைக்கல் தரைப்பாலத்தில் தண்ணீர் ஏறுவதை வைத்து அறிந்துகொள்வார்.

இதில் ஓர் இடைவெளி இருக்கிறது. அணையின் எச்சரிக்கை அணையில் சேர்ந்துவிட்ட நீரைப் பற்றியது; புயலின் எச்சரிக்கை கடலில் இருக்கும் காற்றைப் பற்றியது. இரண்டுக்கும் நடுவில், அணைக்குக் கீழே சமவெளியிலேயே பெய்யும் மழையும், சிறுமலை, அழகர்மலை, நாகமலைச் சரிவுகளிலிருந்து ஓடைகள் வழியே நேராக வந்து சேரும் நீரும் இருக்கின்றன. அவை எந்த அடிக்கணக்கிலும் வராதவை.

இந்த இடைவெளி எவ்வளவு கொடியதாகலாம் என்பதை 2024இல் தென்பெண்ணை காட்டியது. நவம்பர் 30ஆம் தேதி இரவு புதுச்சேரி அருகே கரையேறிய ஃபெஞ்சல், மெல்ல நகர்ந்து உள்நாட்டில் தங்கியது. கடலிலிருந்து ஏறக்குறைய 150 கிலோமீட்டர் உள்ளே இருக்கும் ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் மழை. திருவண்ணாமலையில் மண் சரிந்து ஏழு பேர் இறந்தனர். டிசம்பர் 2ஆம் தேதி அதிகாலை சாத்தனூர் அணையிலிருந்து நொடிக்கு 1.68 லட்சம் கன அடி நீர் திறந்துவிடப்பட்டது. விழுப்புரத்தின் ஆற்றோர ஊர்களும் கடலூரும் மூழ்கின. புயல் கரையைக் கடந்து ஒரு நாளுக்கு மேல் ஆன பிறகு, கடற்கரை மாவட்டத்தைப் புயல் பின்பக்கமாக வந்து தாக்கியது. முன்பே எச்சரிக்கை தந்தோம் என்று அரசு சொன்னது. நள்ளிரவில் அவ்வளவு நீரைத் திறந்தது சரியா என்று எதிர்க்கட்சிகள் கேட்டன. அந்த வழக்கில் தீர்ப்புச் சொல்வது இங்கே நோக்கமல்ல. வைகைக்கும் இதே உடலமைப்பு என்பதைக் கவனித்தால் போதும்: மேலே மலை, நடுவில் அணை, அதற்குக் கீழே ஒரு பெருநகரம், கடைசியில் தாழ்ந்த கடற்கரை. ஊத்தங்கரையில் பெய்ததுபோல ஒருநாள் வருசநாட்டில் பெய்தால் இராமநாதபுரத்துக்கு அச்சம் கிழக்கிலிருந்து வராது.

நகரத்துக் கண்மாய்களின் பங்கு

பழைய காலம் இதற்கு ஒரு விடை வைத்திருந்தது. மதுரை, சிவகங்கை, இராமநாதபுரம் சமவெளியின் கண்மாய்கள் சங்கிலித் தொடராக அமைந்தவை. ஒன்று நிறைந்தால் கலுங்கு வழியே மறுகால் பாய்ந்து அடுத்ததற்குப் போகும். தமிழ்நாட்டின் 39 ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஏரி, கண்மாய்களில் பெரும் பங்கு இந்தத் தென்பகுதியில் இருக்கிறது. இவற்றைப் பாசனத்துக்காக வெட்டியவை என்று மட்டும் பள்ளிக்கூடத்தில் சொல்லித் தருகிறோம். சில நாட்களில் மொத்தமாகக் கொட்டும் மழையைத் தடுத்து, பிரித்து, தாமதப்படுத்தும் வெள்ளக் காப்பும் அவைதான். 

நகரம் இந்தத் தொடரின் நடுக்கண்ணிகளை எடுத்துவிட்டது. உலகனேரிக் கண்மாய்ப் பகுதியில் 2004 முதல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை இயங்குகிறது. நீர்நிலை ஆக்கிரமிப்பு வழக்குகள் விசாரணைக்கு வருவதும் அங்கேதான். கிருதுமால் நதி நகருக்குள் சாக்கடையாக ஓடுகிறது. அரசு அலுவலகங்களுக்கும் குடியிருப்புகளுக்கும் நீர்ப்பிடிப்பு நிலம் போனதற்கு ஏழைகளின் குடிசைகளை மட்டும் காரணம் சொல்வது நேர்மையாகாது.

விளைவு 2024 அக்டோபர் 25 அன்று தெரிந்தது. அன்று அதிகாலை 'டானா' புயல் ஒடிசாவில் கரையேறியது. நாடு முழுவதும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. மதுரையில் அன்று பகலில் ஏறக்குறைய 10 சென்டிமீட்டர் மழை சில மணி நேரத்தில் பெய்தது. செல்லூர்க் கண்மாய் நிறைந்து, அதன் உபரி நீரை வைகைக்குக் கொண்டுபோக வேண்டிய பந்தல்குடி வாய்க்கால் தாங்காமல், சுற்றியிருந்த தெருக்கள் வீட்டுக்குள் தண்ணீரோடு கிடந்தன. இத்தனைக்கும் காயல்பட்டினத்தில் பெய்ததில் ஒன்பதில் ஒரு பங்குதான் அது. பத்து சென்டிமீட்டருக்கே இந்த நிலை என்றால், ஒரு கஜா சற்றுத் தெற்கே விலகி மதுரைக்கு மேலே ஒரு நாள் தங்கினால் என்ன ஆகும் என்பதற்கு ஆராய்ச்சி தேவையில்லை.

மறுப்பு ஒன்றை இங்கே எடுத்துக்கொள்ள வேண்டும். 2017இல் அரசு குடிமராமத்தை மீண்டும் தொடங்கியது. மதுரையைத் தலைமையிடமாகக் கொண்ட தானம் அறக்கட்டளை போன்ற அமைப்புகள் கண்மாய்ச் சீரமைப்பில் நெடுநாளாக உழைக்கின்றன. ஆகவே நிலைமை அவ்வளவு மோசமில்லை என்பார்கள். கிராமக் கண்மாய்களைப் பொறுத்தவரை இதில் உண்மை உண்டு. ஆனால் சீரமைப்பு என்றால் வண்டல் அள்ளுவதும் கரையைப் பலப்படுத்துவதுமாகவே பெரும்பாலும் முடிகிறது. வெள்ளத்துக்கு முக்கியமானவை கலுங்கும் மறுகால் வாய்க்காலும். ஆழப்படுத்திய கண்மாயின் உபரி போகும் வழியை அடைத்துவைத்தால் அது முன்பைவிட ஆபத்தான கண்மாய்.

எச்சரிக்கையின் நான்காம் படி

புயல் எச்சரிக்கை முறையில் நான்கு படிகள் உண்டு. 72 மணி நேரத்துக்கு முன் முதல் கண்காணிப்பு அறிவிப்பு, 48 மணி நேரத்துக்கு முன் விழிப்பு அறிவிப்பு, 24 மணி நேரத்துக்கு முன் எச்சரிக்கை. நான்காவது, கரை கடப்பதற்குக் குறைந்தது 12 மணி நேரத்துக்கு முன் வெளியாகும், கரை கடந்த பிறகான நிலைக் கணிப்பு. சுழல் தரையேறிய பின் எத்திசையில் நகரும், உள்மாவட்டங்களில் என்ன பாதிப்பு வரும் என்று சொல்வது இதுதான். மதுரைக்கான கூண்டு ஒன்று இருக்கிறது என்றால் அது இந்த நான்காம் படி. செய்தித்தாளில் அதைப் படித்த நினைவு நம்மில் எத்தனை பேருக்கு இருக்கும்?

முதல் மூன்று படிகளும் மக்களிடம் போய்ச் சேர்ந்ததற்குக் காரணம், ஒவ்வொன்றுக்கும் ஒரு செயல் ஒட்டிக்கொண்டிருப்பது: படகைக் கரையேற்று, முகாமுக்குப் போ. நான்காம் படிக்கு அப்படி ஒரு செயல் வகுக்கப்படவில்லை. மாவட்ட ஆட்சியர் அலுவலகத்துக்கு வந்து சேரும் அந்த அறிக்கை, அங்கிருந்து கண்மாய் மடைகளைக் கவனிக்கும் நீர்பாய்ச்சிக்கோ வார்டுப் பொறியாளருக்கோ என்ன வேலையாக இறங்க வேண்டும் என்பது எழுதப்பட்டாக வேண்டும். பன்னிரண்டு மணி நேரத்தில் செய்யக்கூடியவை பல. கலுங்குப் பலகைகளை எடுத்துவிடலாம், பந்தல்குடி போன்ற வாய்க்கால்களின் அடைப்புகளை நீக்கலாம், தரைப்பாலங்களை மூடலாம், சோழவந்தான் பக்கத்து வாழைக்கும் கொடிக்காலுக்கும் முட்டுக் கொடுக்கலாம், அணையில் முன்கூட்டியே இடம் ஏற்படுத்தும் முடிவை இரவுக்கு முன் எடுக்கலாம்.

கடைசியாகச் சொன்னதில் தயக்கம் இருக்கிறது. அது நியாயமான தயக்கம். வறண்ட வட்டாரத்தில், வரும் என்று சொன்ன மழையை நம்பி அணை நீரைத் திறந்துவிட்டு, புரெவியைப் போலப் புயல் ஏமாற்றினால் யார் பதில் சொல்வது? பொறியாளர்கள் 69 அடிக்காகக் காத்திருப்பது சோம்பலால் அல்ல. கணிப்பு தவறும்போது அந்த அதிகாரியைக் காக்கும் விதி இல்லாதவரை, முன்கூட்டித் திறப்பது ஏட்டில்தான் இருக்கும். அந்த விதியை உருவாக்க வேண்டியது அரசு. ஐந்து மாவட்டங்களையும் ஒரே கோப்பில் வைத்து, வைகைப் படுகை முழுவதற்குமான ஒரே அறிவிப்பாக. மலை மழை, அணை மட்டம், சமவெளிக் கண்மாய்களின் நிலை, இராமநாதபுரம் கரையின் கடல்மட்டம் ஆகிய நான்கையும் ஒரே தாளில் காணும் வசதி இன்று எந்த ஆட்சியருக்கும் இல்லாமல் இருக்கக் கூடாது.

அதுவரை வாசகர் செய்யக்கூடியது ஒன்று. அடுத்த முறை பாம்பனில் கூண்டு ஏறும்போது, உங்கள் வட்டத்துக் கண்மாயின் மறுகால் எந்த வழியாகப் போகிறது, அந்த வழி திறந்திருக்கிறதா என்று வட்டாட்சியர் அலுவலகத்தில் எழுத்து மூலம் கேளுங்கள். கேள்வி அக்டோபருக்கு முன்பே போய்ச் சேரட்டும்.